விளக்குச் சுவிட்சை மாற்றுதல்: சுவருக்குள் உள்ள கம்பிகளும் பாதுகாப்பு விதிகளும்

வீட்டில் நாள்தோறும் மிகுதியாகக் கைபடும் மின்பொருள் விளக்குச் சுவிட்ச் ஆகும். பல ஆண்டுகள் உழைத்தபின் அதன் விசை தளர்கிறது; தட்டு வெடிக்கிறது; அழுத்தும்போது கரகரவென ஒலி எழுகிறது. புதிய சுவிட்ச் ஒன்றின் விலை சில பவுண்டுகளே. ஆகவே, இரண்டு திருகாணிகளைக் கழற்றித் தாமே மாற்றிவிடலாம் எனப் பலர் எண்ணுவது இயல்பு. எனினும் அச்சிறு தட்டின் பின்னே 230 வோல்ட் மின்சாரம் நிற்கிறது. கம்பிகளின் நிறத்தை மட்டும் நம்பிக் கைவைப்பவர் உயிராபத்துக்கு உள்ளாகலாம். தளர்வாக முறுக்கப்பட்ட ஓர் இணைப்பு சில மாதங்கள் கழித்துத் தீயை உண்டாக்கலாம்.

இங்கிலாந்திலுள்ள வீடுகளில் விளக்குச் சுவிட்சின் கம்பிகள் எவ்வாறு அமைந்துள்ளன, சுவிட்சை மாற்றும் உரிமையும் பொறுப்பும் யாருக்கு உண்டு, மாற்றும்போது பின்பற்ற வேண்டிய முறை யாது, எந்நிலையில் வேலையை நிறுத்தி எலெக்ட்ரீஷியனை அழைக்க வேண்டும் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

முதலில்: வீடு யாருடையது?

வாடகை வீட்டில் குடியிருப்பவர் சுவிட்சைத் தாமாக மாற்றக் கூடாது. 1985-ஆம் ஆண்டின் வீட்டுரிமையாளர், வாடகைக்குடியிருப்போர் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி, குறுகிய கால வாடகை ஒப்பந்தங்களில் மின் இணைப்பு அமைப்புகளைப் பழுதின்றிப் பேணும் கடமை வீட்டுரிமையாளருக்கு உரியது. “கடையில் ஒன்றை வாங்கி நீங்களே பூட்டிக்கொள்ளுங்கள்” என்று உரிமையாளர் வாய்மொழியாகச் சொன்னாலும் அக்கடமை குடியிருப்பவர் மீது வந்துவிடாது. மாறாக, குடியிருப்பவர் செய்த வேலையால் சேதம் நேர்ந்தால், அதன் செலவு பிணைத்தொகையிலிருந்து கழிக்கப்படும் சூழல் எழலாம்.

தனியார் வாடகை வீடுகளுக்கு 2020-ஆம் ஆண்டின் மின்பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் பொருந்தும். அவற்றின்படி, வீட்டின் நிலையான மின்னமைப்பு குறைந்தது 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை தகுதியுடைய ஒருவரால் பரிசோதிக்கப்பட வேண்டும். அறிக்கையின் படியொன்றை ஏற்கனவே குடியிருப்பவருக்கு 28 நாட்களுக்குள்ளும், புதிதாக வருபவருக்குக் குடிபுகும் முன்னரும் உரிமையாளர் வழங்க வேண்டும். குறைகள் காணப்பட்டால் 28 நாட்களுக்குள், அல்லது அறிக்கை அதைவிடக் குறுகிய காலத்தைக் குறிப்பிட்டிருந்தால் அக்காலத்துக்குள், அவை திருத்தப்பட வேண்டும். இவ்விதிகளை நடைமுறைப்படுத்தும் அதிகாரம் உள்ளூர் கவுன்சிலுக்கு உண்டு. மீறும் உரிமையாளர் மீது பல்லாயிரம் பவுண்டுகள் வரை அபராதம் விதிக்கப்படலாம்.

ஆகவே வாடகை வீட்டில் சுவிட்ச் பழுதுற்றால், உரிமையாளருக்கோ முகவருக்கோ எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். கைப்பேசிச் செய்தியோ மின்னஞ்சலோ போதும். பழுதின் புகைப்படத்தையும் தேதியையும் சேர்த்து அனுப்பி, அதன் படியைப் பாதுகாத்து வைத்தல் நன்று. உரிய காலத்தில் திருத்தம் நடைபெறாவிட்டால் கவுன்சிலின் தனியார் வீட்டுப் பிரிவுக்கு முறையிடலாம். 2004-ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டத்தின் கீழ் வீடுகளை மதிப்பிடும்போது கவனிக்கப்படும் 29 வகை ஆபத்துகளுள் மின்சார ஆபத்தும் ஒன்றாகும்.

கவுன்சில் வீட்டில் குடியிருப்பவர்கள் பழுதுபார்ப்புப் பிரிவுக்கு அறிவிக்க வேண்டும். ஆபத்தான நிலையிலுள்ள மின்பொருத்துகள், 1994-ஆம் ஆண்டின் பழுதுபார்ப்பு உரிமை விதிகளில் ஒரு வேலைநாளுக்குள் கவனிக்கப்பட வேண்டியவையாக வகுக்கப்பட்டுள்ளன. அழைக்கும்போது “சுவிட்ச் வேலை செய்யவில்லை” என்று மட்டும் கூறாமல், சூடாகிறதா, தீய்ந்த மணம் வருகிறதா, செப்புக்கம்பி வெளியே தெரிகிறதா என்பவற்றையும் தெளிவாகக் கூறினால் அழைப்பு உரிய அவசரத்துடன் கையாளப்படும். ஆங்கிலத்தில் விளக்கத் தயங்குவோர் மொழிபெயர்ப்பு உதவியைக் கேட்கலாம்.

அடுக்குமாடிக் கட்டடங்களில் பொதுப்படிக்கட்டு, நடைபாதை ஆகியவற்றிலுள்ள சுவிட்சுகள் தனிவீட்டுக்குரியவை அல்ல. அவற்றில் கைவைக்காமல் கட்டட நிர்வாகத்துக்கு அறிவிக்க வேண்டும்.

சொந்த வீட்டில் வசிப்பவர், ஏற்கனவே உள்ள சுவிட்சுக்குப் பதிலாக அதே வகைச் சுவிட்சைப் பொருத்துவதை இங்கிலாந்தின் சட்டம் தடுக்கவில்லை. வீட்டு மின்வேலைகள் பற்றிய கட்டட விதிகளின் ‘பார்ட் பி’ 2005 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி புதிய மின்சுற்று அமைத்தல், பியூஸ் பெட்டியை மாற்றுதல், குளியல்தொட்டி அல்லது ஷவர் உள்ள அறையில் அவற்றை அண்டிய பகுதியின் மின்சுற்றை மாற்றியமைத்தல் போன்ற வேலைகளுக்கு முன்னறிவிப்போ பதிவுபெற்ற எலெக்ட்ரீஷியனின் சான்றோ தேவை. ஒரு சுவிட்சுக்கு மாற்றாக இன்னொன்றைப் பொருத்துவதற்கு அறிவிப்பு வேண்டியதில்லை. ஆயினும் செய்யப்படும் வேலை பாதுகாப்பானதாக இருக்க வேண்டும் என்ற விதி எல்லா மின்வேலைகளுக்கும் பொருந்தும்.

சுவிட்ச் செய்யும் வேலை

விளக்குச் சுற்றில் இரண்டு முதன்மைக் கம்பிகள் உள்ளன. மின்சாரத்தைக் கொண்டுவருவது லைவ் கம்பி; இலங்கைப் பாடநூல்கள் இதனை உயிர்க்கம்பி என்கின்றன. சுற்றை நிறைவு செய்வது நியூட்ரல் எனப்படும் நொதுமல் கம்பி. மூன்றாவதாகிய எர்த் அல்லது புவிக்கம்பி வழக்கமான நேரத்தில் மின்சாரத்தைச் சுமப்பதில்லை. உலோகப் பகுதியொன்றில் தவறுதலாக மின்சாரம் பாய்ந்தால், அதனை நிலத்துக்குச் செலுத்தி பியூஸையோ பிரேக்கரையோ உடனே துண்டிக்கச் செய்வதே அதன் பணி.

சுவிட்ச் எப்போதும் லைவ் கம்பியையே துண்டிக்க வேண்டும். அவ்வாறு இருந்தால்தான் சுவிட்சை அணைத்ததும் விளக்கின் தாங்கியில் மின்சாரம் இல்லாமற்போகும். நியூட்ரல் கம்பியைத் துண்டித்தாலும் விளக்கு அணையவே செய்யும். ஆனால் தாங்கியில் மின்சாரம் நின்றுகொண்டிருக்கும். பல்பை மாற்றக் கைநீட்டுபவர் அதனை அறியமாட்டார். விளக்கு அணைந்திருப்பது பாதுகாப்புக்குச் சான்று ஆகாது என்பதற்கு இது முதற்காரணம்.

இந்நாட்டு வீடுகள் பலவற்றில் மின்சுற்றுக் கேபிள் முதலில் கூரையிலுள்ள சீலிங் ரோஸுக்கே செல்கிறது. அங்கிருந்து ஒரு கேபிள் மட்டும் சுவர்வழியாகச் சுவிட்சுக்கு இறங்குகிறது. அதிலுள்ள இரு கம்பிகளில் ஒன்று மின்சாரத்தைச் சுவிட்சுக்குக் கொண்டுவருகிறது. மற்றது சுவிட்சைத் தாண்டிய மின்சாரத்தை மீண்டும் விளக்குக்கு எடுத்துச் செல்கிறது. எனவே இத்தகைய வீடுகளில் சுவிட்சின் பின்னே நியூட்ரல் கம்பி இருப்பதேயில்லை. இதனை உணர்ந்துகொண்டால் குழப்பங்கள் பல நீங்கும்.

நிறங்கள் சொல்வதும் சொல்லாததும்

இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் வீட்டு மின்வேலையைக் கண்டு வளர்ந்தவர்களுக்குச் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த் என்ற முறை பழக்கமானது. பிரித்தானியாவிலும் நெடுங்காலம் சிவப்பும் கறுப்புமே வழங்கின. 2004 மார்ச் 31 முதல் புதிய நிறங்கள் அனுமதிக்கப்பட்டன. 2006 ஏப்ரல் முதல் புதிய வேலைகள் அனைத்துக்கும் அவை கட்டாயமாயின. புதிய முறையில் பழுப்பு லைவ், நீலம் நியூட்ரல், பச்சையும் மஞ்சளும் கலந்தது எர்த்.

2004-க்கு முன்னர் கட்டப்பட்டுப் பின்னர் விரிவாக்கப்பட்ட வீடுகளில் இருவகை நிறங்களும் ஒருங்கே காணப்படும். அவ்வாறிருந்தால் பியூஸ் பெட்டியின் மீது அதனைக் குறிக்கும் எச்சரிக்கை வில்லை ஒட்டப்பட்டிருக்கலாம். ஆனால் பழைய வேலைகளில் அவ்வில்லை விடுபட்டிருப்பதுண்டு.

சுவிட்சின் பின்னே நிறம் இருவகையில் ஏமாற்றக்கூடும்.

முதலாவது, சுவிட்சுக்கு இறங்கும் கேபிளிலுள்ள நீலக் கம்பி அல்லது பழைய கேபிளிலுள்ள கறுப்புக் கம்பி. இது நியூட்ரல் அன்று. விளக்குக்குத் திரும்பும் லைவ் கம்பி. சுவிட்ச் போடப்பட்டிருக்கும்போது இதில் முழு 230 வோல்ட் உண்டு. இதனை உணர்த்த, கம்பியின் நுனியில் பழுப்பு அல்லது சிவப்பு உறையோ நாடாவோ இட வேண்டும் என்பது விதி. பல வீடுகளில் அது இடப்பட்டிருப்பதில்லை.

இரண்டாவது, இரண்டு இடங்களிலிருந்து இயங்கும் விளக்குக்குப் பயன்படும் மூன்று கம்பிக் கேபிள். பழையதில் சிவப்பு, மஞ்சள், நீலம். புதியதில் பழுப்பு, கறுப்பு, சாம்பல். இந்த அமைப்பில் வழக்கமாக மூன்றும் லைவ் கம்பிகளே. பழைய முறையில் நியூட்ரலாக இருந்த கறுப்பு, புதிய மூன்று கம்பிக் கேபிளில் லைவ் கம்பியாகிறது. நிறத்தைப் பார்த்துக் கறுப்பைப் பாதுகாப்பானது என எண்ணுவது இங்கே பெருந்தவறாகும்.

ஒருவழிச் சுவிட்சும் இருவழிச் சுவிட்சும்

ஒரே இடத்திலிருந்து ஒரு விளக்கை இயக்குவது ஒருவழிச் சுவிட்ச். அதன் பின்னே இரண்டு முனைகள் இருக்கும். ஒன்று பொதுமுனை, ‘காம்’ என்று குறிக்கப்பட்டிருக்கும். மற்றது ‘எல்1’. நிலையாக மின்சாரம் வரும் கம்பியைப் பொதுமுனையிலும் விளக்குக்குச் செல்லும் கம்பியை எல்1 முனையிலும் பூட்டுவது வழக்கம்.

படிக்கட்டு, நீண்ட நடை ஆகியவற்றில் இரண்டு இடங்களிலிருந்து ஒரே விளக்கை இயக்க இருவழிச் சுவிட்சுகள் இரண்டு தேவை. ஒவ்வொன்றிலும் பொதுமுனை, எல்1, எல்2 என மூன்று முனைகள் உண்டு. சில முனைகளில் இரண்டு கம்பிகள் சேர்த்துப் பூட்டப்பட்டிருக்கும். எந்தக் கம்பி எந்த முனையில் இருந்தது என்பது மாறிவிட்டால், கீழே போட்டால் மேலே அணைக்க முடியாத நிலை ஏற்படும். இருவழிச் சுவிட்சுக்குப் பதிலாக ஒருவழிச் சுவிட்சை வாங்கிவிடுவதும் அடிக்கடி நேரும் பிழை. இருவழிச் சுவிட்சை ஒருவழியாகப் பயன்படுத்த முடியும். ஒருவழிச் சுவிட்சை இருவழியாகப் பயன்படுத்த முடியாது.

ஒரே தட்டில் இரண்டு விளக்குகளுக்கான இரு சுவிட்சுகள் இருந்தால், அவற்றின் பொதுமுனைகளை இணைக்கும் சிறு கம்பியொன்று இருக்கலாம். பழைய தட்டைக் கழற்றும்போது அக்கம்பியை மறந்துவிட்டால் ஒரு விளக்கு எரியாது.

படிக்கட்டு விளக்கில் மறைந்துள்ள ஆபத்து

மாடி வீடுகள் பலவற்றில் கீழ்த்தளத்துக்கு ஒன்று, மேல்தளத்துக்கு ஒன்று என இரண்டு விளக்குச் சுற்றுகள் உள்ளன. படிக்கட்டின் அடியிலுள்ள சுவிட்சுத் தட்டில் கீழ்நடை விளக்குக்கு ஒரு சுவிட்சும் மேல்நடை விளக்குக்கு ஒரு சுவிட்சும் அருகருகே அமைந்திருக்கும். அதாவது ஒரே பெட்டிக்குள் இருவேறு சுற்றுகளின் கம்பிகள் கிடக்கின்றன. “கீழ்த்தள விளக்குகள்” என எழுதப்பட்ட பிரேக்கரை மட்டும் அணைத்துவிட்டுத் தட்டைக் கழற்றுபவரின் விரல், இன்னும் மின்சாரம் நிற்கும் மேல்தளச் சுற்றின் கம்பியில் படக்கூடும்.

பழைய வீடுகள் சிலவற்றில் கம்பியை மிச்சப்படுத்துவதற்காக, ஒரு சுற்றிலிருந்து லைவையும் மற்றொரு சுற்றிலிருந்து நியூட்ரலையும் எடுத்துப் படிக்கட்டு விளக்கை அமைத்துள்ளனர். இது ‘இரவல் நியூட்ரல்’ எனப்படும். இத்தகைய வீட்டில் ஒரு சுற்றை அணைத்தபின்னும் அதன் நியூட்ரல் கம்பியை எங்கேனும் பிரித்தால் அதில் மின்சாரம் தோன்றலாம்.

இக்காரணங்களால், சுவிட்சை மாற்றும்போது ஒரு பிரேக்கரை மட்டும் அன்றி முழு வீட்டுக்குமான முதன்மைச் சுவிட்சை அணைப்பதே பாதுகாப்பான முறை.

மின்சாரம் இல்லை என்பதை உறுதிசெய்தல்

வேலையைப் பகல் வெளிச்சத்தில் தொடங்க வேண்டும். முதன்மைச் சுவிட்சை அணைப்பதற்கு முன் வீட்டிலுள்ள அனைவருக்கும் சொல்ல வேண்டும். கூட்டுக்குடும்பங்களிலும், பலர் அறைகளைப் பகிர்ந்து வாழும் வீடுகளிலும், “மின்சாரம் போய்விட்டது” எனக் கருதி ஒருவர் வந்து சுவிட்சை மீண்டும் போட்டுவிடும் ஆபத்து மிகுதி. பியூஸ் பெட்டியின் மீது பெரிய எழுத்தில் குறிப்பு ஒட்டுதல், பூட்டுவதற்கு வசதி இருந்தால் பூட்டிச் சாவியைத் தம்மிடமே வைத்திருத்தல் ஆகியவை இவ்வாபத்தைத் தடுக்கும். மூச்சுக்கருவி போன்ற மருத்துவ உபகரணங்கள் மின்சாரத்தில் இயங்கும் வீடுகளில் முன்னேற்பாடின்றி மின்சாரத்தை நிறுத்தக் கூடாது.

அடுத்தது சோதனை. ஊரில் பலரது சட்டைப்பையில் இருக்கும், ஒளிரும் சிறுவிளக்குள்ள ‘டெஸ்டர்’ திருப்புளி இதற்குப் போதாது. அது வைத்திருப்பவரின் உடல்வழியாக மிகச் சிறிய மின்னோட்டம் சென்றால்தான் ஒளிரும். உலர்ந்த மரத்தரையில் ரப்பர் அடிக்காலணியுடன் நிற்பவரின் கையில் அது மங்கலாகவே தெரியலாம். வெளிச்சத்தில் தெரியாமலும் போகலாம். உள்ளிருக்கும் விளக்கு பழுதுற்றிருந்தால் முற்றிலும் ஒளிராது. ஒளிரவில்லை என்பதால் மின்சாரம் இல்லை என முடிவு செய்ய முடியாது. கம்பியைத் தொடாமலே ஒலி எழுப்பும் பேனா வகைக் கருவிகளையும் இதற்கு மட்டும் நம்பலாகாது.

தேவைப்படுவது இரண்டு முனைகளையுடைய மின்னழுத்தச் சோதனைக் கருவி. அதனைப் பயன்படுத்தும் முறை மூன்று படிகளைக் கொண்டது. முதலில், மின்சாரம் உள்ள ஓரிடத்தில் வைத்துக் கருவி இயங்குவதை உறுதிசெய்ய வேண்டும். இரண்டாவதாக, சுவிட்சின் ஒவ்வொரு முனைக்கும் எர்த்துக்கும் இடையிலும், முனைகளுக்கு ஒன்றோடொன்று இடையிலும் சோதிக்க வேண்டும். மூன்றாவதாக, கருவி இடையில் பழுதாகிவிடவில்லை என்பதை அறிய மீண்டும் மின்சாரம் உள்ள இடத்தில் சோதிக்க வேண்டும். வீடு முழுவதும் மின்சாரம் அணைக்கப்பட்டிருக்கும்போது இதற்கென விற்கப்படும், பேட்டரியில் இயங்கும் சிறு சரிபார்ப்புக் கருவி பயன்படும்.

இவ்விரு கருவிகளின் விலை சுவிட்சின் விலையைப் போலப் பல மடங்காகும். ஒரே ஒரு சுவிட்சை மாற்றுவதற்கு இவற்றை வாங்குவதைவிட எலெக்ட்ரீஷியனை அழைப்பது பலருக்கும் சிக்கனமானதும் பாதுகாப்பானதும் ஆகும். கருவி இல்லாத நிலையில் “ஒருமுறைதானே” என வேலையில் இறங்குவது கூடாது.

மாற்றும் முறை

1. முதன்மைச் சுவிட்சை அணைத்தபின் தட்டின் இரு திருகாணிகளையும் தளர்த்தி, கம்பிகளைத் தொடாமல் தட்டின் ஓரங்களைப் பற்றி முன்னே இழுக்க வேண்டும். மேற்கூறிய மூன்றுபடிச் சோதனையை இப்போது செய்ய வேண்டும்.

2. கம்பிகள் பூட்டப்பட்டிருக்கும் நிலையைத் தெளிவாகப் புகைப்படம் எடுக்க வேண்டும். பின்னர் ஒவ்வொரு கம்பியிலும் சிறு நாடா ஒட்டி, அது இருந்த முனையின் பெயரை எழுத வேண்டும். நிறத்தை அல்ல, முனையின் பெயரையே பின்பற்ற வேண்டும். பழைய சுவிட்சிலும் புதிய சுவிட்சிலும் முனைகள் ஒரே இடத்தில் அமைந்திருப்பதில்லை. ஆகவே இருக்கும் இடத்தைப் பார்த்து மாற்றினால் பிழை நேரும்.

3. கம்பிகளை ஒவ்வொன்றாகப் பழைய சுவிட்சிலிருந்து விடுவித்துப் புதியதில் அதே பெயருடைய முனையில் பூட்ட வேண்டும். செப்புப் பகுதி முழுவதும் முனைக்குள் சென்றிருக்க வேண்டும். வெளியே செப்பு தெரியக் கூடாது. திருகாணி கம்பியின் மேலுறையை அல்ல, செப்பையே பற்றியிருக்க வேண்டும். பூட்டியபின் ஒவ்வொரு கம்பியையும் மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். தளர்ந்த இணைப்பில் பொறி எழுந்து வெப்பம் உண்டாகும். சுவிட்சுத் தட்டுகள் கருகுவதற்கு இது பெருங்காரணம்.

4. எர்த் கம்பி பெட்டியிலுள்ள அதற்குரிய முனையில் உறுதியாகப் பூட்டப்பட்டிருக்க வேண்டும். உறையற்ற எர்த் கம்பிக்குப் பச்சை மஞ்சள் உறை இட வேண்டும். சுவிட்சில் பூட்டப்படாமல் பெட்டிக்குள் தனி இணைப்பியில் நியூட்ரல் கம்பிகள் சேர்க்கப்பட்டிருந்தால் அவற்றைப் பிரிக்காமல் அப்படியே விட வேண்டும்.

5. கம்பிகளை நெருக்காமல் மடித்து உள்ளே தள்ளி, தட்டுக்கும் பெட்டிக்கும் இடையே கம்பி எதுவும் நசுங்கவில்லை என்பதைப் பார்த்துத் திருகாணிகளை முறுக்க வேண்டும். இக்காலப் பெட்டிகளில் 3.5 மில்லிமீட்டர் மெட்ரிக் திருகாணி பொருந்தும். மிகப் பழைய பெட்டிகளின் புரி வேறு அளவினது. புதிய திருகாணி சேராவிட்டால் வலிந்து முறுக்காமல் பழைய திருகாணிகளையே பயன்படுத்த வேண்டும்.

6. தட்டு முழுவதும் மூடியபின்னரே மின்சாரத்தைப் போட வேண்டும். பிரேக்கர் உடனே விழுந்தால் மீண்டும் மீண்டும் அதனைப் போட்டுப் பார்க்கக் கூடாது. அது பிழையை அறிவிக்கிறது. எலெக்ட்ரீஷியனை அழைக்க வேண்டும். இருவழிச் சுவிட்சாயின் இரண்டு இடங்களிலிருந்தும் நான்கு நிலைகளிலும் விளக்கு சரியாக இயங்குகிறதா எனப் பார்க்க வேண்டும்.

உலோகத் தட்டு, டிம்மர், ஸ்மார்ட் சுவிட்ச்

வரவேற்பறைக்கு அழகாக இருக்கும் எனப் பித்தளை, எஃகுத் தட்டுகளை வாங்குவோர் உளர். உலோகத் தட்டுக்கு எர்த் இணைப்பு இன்றியமையாதது. 1966-க்கு முன்னர் அமைக்கப்பட்ட விளக்குச் சுற்றுகள் பலவற்றில் எர்த் கம்பியே இல்லை. அத்தகைய வீட்டில் உலோகத் தட்டைப் பொருத்தினால், உள்ளே ஒரு கம்பி தட்டில் பட்ட மறுகணமே தட்டு முழுவதும் மின்சாரம் ஏறும், பியூஸ் துண்டிக்காது, தொடுபவரின் உடல்வழியாகவே மின்சாரம் நிலத்தை அடையும். எர்த் இல்லாத சுற்றில் பிளாஸ்டிக் தட்டும், உலோகம் வெளியே தெரியாத திருகாணி அமைப்பும் மட்டுமே ஏற்கத்தக்கவை.

ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர், அதனுடன் இயங்கும் பல்புக்குப் பொருந்த வேண்டும். பழைய இழை பல்புகளுக்காகச் செய்யப்பட்ட டிம்மர்கள் இயங்க ஒரு குறைந்தபட்ச வாட் அளவு தேவை. சில வாட்டுகளே எடுக்கும் எல்இடி பல்புகள் அதனுடன் சேரும்போது மினுமினுக்கும், ரீங்கரிக்கும். எல்இடிக்கு உரியது எனக் குறிக்கப்பட்ட டிம்மரையும், டிம் செய்யத்தக்கது எனக் குறிக்கப்பட்ட பல்பையும் சேர்த்தே வாங்க வேண்டும். டிம்மரின் உடல் தடிமனானது. 16 மில்லிமீட்டர் ஆழமுள்ள பெட்டிக்குள் பெரும்பாலும் அடங்காது.

கைப்பேசியால் இயக்கும் ஸ்மார்ட் சுவிட்சுகள் பலவற்றுக்கு நியூட்ரல் கம்பி தேவை. சீலிங் ரோஸிலிருந்து இறங்கும் கேபிளில் அது இல்லை என்பது மேலே விளக்கப்பட்டது. எர்த் கம்பியை நியூட்ரலாகப் பயன்படுத்துவது உயிராபத்தானது. எக்காரணம் கொண்டும் செய்யலாகாது.

வேலையை நிறுத்த வேண்டிய தருணங்கள்

தட்டைக் கழற்றியபின் பின்வருவனவற்றுள் ஒன்று காணப்பட்டாலும், மின்சாரத்தை அணைத்த நிலையிலேயே தட்டை மீண்டும் மூடிவிட்டு எலெக்ட்ரீஷியனை அழைக்க வேண்டும்: கம்பியின் உறை கருகியிருத்தல், ரப்பர் அல்லது துணி உறையுள்ள பழைய கேபிள், தொட்டால் உதிரும் உறை, பெட்டிக்குள் ஈரம், எதிர்பார்த்ததைவிட மிகுதியான கம்பிகள், எர்த் இல்லாத உலோகத் தட்டு, கம்பி முனைக்கு எட்டாத அளவு குறுகியிருத்தல்.

குளியலறைச் சுவிட்சுக்குத் தனிவிதிகள் உண்டு. ஈரக்கையால் தொடும் ஆபத்தைத் தவிர்க்கவே அங்குக் கயிறு இழுத்து இயக்கும் சுவிட்ச் கூரையில் பொருத்தப்படுகிறது. அதனை அகற்றிச் சுவரில் சாதாரணச் சுவிட்ச் வைக்க முயலக் கூடாது.

ஆர்சிடி எனப்படும் பாதுகாப்புத் துண்டிப்பான் இருப்பதால் அச்சமில்லை என்ற எண்ணமும் தவறு. மின்சாரம் நிலத்துக்குக் கசியும்போது அது விரைந்து துண்டிக்கும். ஆனால் ஒருவர் ஒரு கையால் லைவையும் மறுகையால் நியூட்ரலையும் தொட்டால், அவரது உடலை ஒரு விளக்காகவே அது கருதும், துண்டிக்காது. மேலும் பழைய வீடுகளின் விளக்குச் சுற்றுகள் பலவற்றுக்கு ஆர்சிடி இல்லை.

எலெக்ட்ரீஷியனைத் தெரிவுசெய்தல்

தமிழ்க்கடைகளின் அறிவிப்புப் பலகையிலோ உறவினர் வழியாகவோ அறிமுகமாகும் “வேலை தெரிந்தவரை” அழைப்பது நம்மவரிடையே பெருவழக்கு. அவர் நல்ல கைத்திறன் உடையவராகவே இருக்கலாம். ஆனால் பதிவு இல்லாதவர், அறிவிப்புத் தேவைப்படும் வேலைகளுக்குத் தாமே சான்று வழங்க முடியாது. வீட்டை விற்கும் நாளில் வாங்குபவரின் சட்டத்தரணி அச்சான்றுகளைக் கேட்பார். தீ விபத்து நேர்ந்தால் காப்புறுதி நிறுவனமும் கேட்கலாம். அன்று மிச்சப்படுத்திய சிறுதொகை பின்னர் பெருஞ்செலவாக முடியும்.

என்ஐசிஇஐசி, நாபிட் போன்ற அமைப்புகளில் பதிவு பெற்றவரா என்று கேட்டு, அவ்வமைப்பின் இணையதளத்தில் அவர் பெயரைச் சரிபார்க்க வேண்டும். வேலைக்கு முன் கட்டணத்தை எழுத்தில் பெற வேண்டும். புதிய சுவிட்சோ விளக்கோ சேர்க்கப்பட்டால் சிறுவேலைச் சான்றிதழையும், அறிவிப்புக்குரிய வேலையாயின் கட்டட விதி இணக்கச் சான்றிதழையும் கேட்டுப் பெற்றுப் பாதுகாக்க வேண்டும். சொந்த வீடுகளின் மின்னமைப்பை 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை பரிசோதிப்பது பரிந்துரைக்கப்படுகிறது. பழைய வீட்டை வாங்குவோர் குடிபுகும் முன்னரே இப்பரிசோதனையைச் செய்துகொள்வது நன்று.

அவசர நிலையில்

சுவிட்ச் சூடாதல், சுற்றிலும் பழுப்புக் கறை படிதல், தொடர்ந்து ரீங்கரித்தல், தீய்ந்த மணம் வீசுதல் ஆகியவை எச்சரிக்கை அறிகுறிகள். உடனே அந்தச் சுற்றையோ முதன்மைச் சுவிட்சையோ அணைத்து, பழுது தீரும்வரை போடாதிருக்க வேண்டும். புகையோ தீயோ தோன்றினால் வீட்டைவிட்டு அனைவரும் வெளியேறி 999 எண்ணை அழைக்க வேண்டும். மின்சாரத்தில் எரியும் பொருள் மீது தண்ணீர் ஊற்றக் கூடாது.

ஒருவரை மின்சாரம் தாக்கிப் பற்றியிருந்தால் அவரைக் கையால் தொடக் கூடாது. முதலில் மின்சாரத்தை அணைக்க வேண்டும்; பின்னர் 999 எண்ணை அழைக்க வேண்டும். மின்தாக்குதலுக்குப் பின் நலமாக இருப்பதாகத் தோன்றினாலும் 111 எண்ணில் மருத்துவ ஆலோசனை பெற வேண்டும்; இதயத்துடிப்பின் மாறுதல் வெளியே தெரியாமல் இருக்கலாம். 111 சேவையில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். அயலில் உள்ள வீடுகளிலும் மின்சாரம் தடைப்பட்டிருந்தால் பழுது வீட்டினுள் அன்று. 105 எண்ணை அழைத்து மின்விநியோக நிறுவனத்துக்கு அறிவிக்கலாம். இவ்வழைப்புக்குக் கட்டணமில்லை.

வீட்டிலுள்ள ஒவ்வொருவரும், பிள்ளைகளும் முதியோரும் உட்பட, முதன்மைச் சுவிட்ச் எங்கே உள்ளது, அதனை எவ்வாறு அணைப்பது என்பதை அறிந்திருக்க வேண்டும். பியூஸ் பெட்டியின் ஒவ்வொரு பிரேக்கருக்கும் அருகே அது இயக்கும் பகுதியின் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டுவதற்குச் சில நிமிடங்களே ஆகும். பெட்டியை மறைக்கும் பொருட்களை அகற்றி, இருளிலும் கைக்கு எட்டும்படி ஒரு கைவிளக்கை அருகில் வைத்திருப்பது நன்று.